மரத்துக்கு ஒரு ஆள்

மாமாவை நினைக்கும்போதெல்லாம் ஈர வேட்டியோடு அவர் வாசலில் நின்று சிரித்த ஒரு காலைப்பொழுதுதான் முதலில் வருகிறது. கீழுதடு கிழிந்து மோவாய் வரைக்கும் ரத்தம் இறங்கியிருந்தது. காதுமடலிலும் புருவத்திலும் மணல். வலது தோளில் தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது. அந்தக் கோலத்திலும் முகம் மட்டும் விளக்கேற்றி வைத்ததுபோல இருந்தது. என்னைப் பார்த்து, "பாப்பா, பழைய சோறு இருக்குதா? பசி உயிரு போவுது" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து வந்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சட்டியில் இருந்ததை முழுக்க வட்டிலில் கொட்டிக் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் பட்டு உதடு எரிய எரிய அவர் அள்ளி அள்ளித் தின்றார். கல்யாண வீட்டில்கூட அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அக்காவின் கணவரை மாமா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். என் கணவர் அப்போது சைகோனில் உத்தியோகத்துக்குப் போயிருந்தார். வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் கப்பலேறியவர். அதுவரைக்கும் என்று அக்கா வீட்டுக்கு வந்த நான் சில வருஷங்கள் அங்கேயே இருந்துவிட்டேன். பாகூர் கொம்யூன் வட்டாரத்தில், கிருமாம்பாக்கத்தை ஒட்டி அவர்களுக்கு நஞ்சையும் கரும்புக் கொல்லையும் இருந்தன. பிரெஞ்சுக்காரன் ஆட்சிக் காலம். மாமாவின் அண்ணன் மேரி என்கிற கொம்யூன் ஆபீசுக்குப் போனால் எழுந்து நாற்காலி போடுவார்கள். நிலத்தை அவர் பார்த்துக்கொண்டார். அவருக்குக் கீழே வேலை செய்ய ஆட்கள் இருந்தார்கள். மாமா செய்வதற்கென்று எதுவும் மிச்சம் இல்லை. இதை நாங்கள் யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. கொடுத்துவைத்த மனுஷன் என்றுதான் சொன்னோம்.

அவருடைய கிறுக்கு கல்யாணத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்ததுதான். பாகூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறபோது, தண்ணீர் இடிபோல விழுகிற அந்தக் கல்கட்டின் விளிம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்திருக்கிறார். பெண்ணையாற்றில் செந்நீர் வரும்போது நீந்தி அக்கரையில் ஏறி, இங்கிலீஷ்காரன் மண்ணை மிதித்துவிட்டுத் திரும்பவும் நீந்தி வந்திருக்கிறார். பெரிய கிணற்றங்கரையில் சாய்ந்து நின்ற பனைமரத்தின் உச்சியிலிருந்து தண்ணீரில் குதித்ததில் ஒரு காது மந்தமாகிவிட்டது. பந்தயம் கட்டிச் செய்ததில்லை. வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும் என்றும் இல்லை. வீரம் காட்டுகிறான் என்று ஊர் சொல்லும். ஒருத்தரும் இல்லாத இடத்தில் போய்க் குதிக்கிறவன் யாருக்கு வீரம் காட்டுவான்?

இப்போது பத்திரிகையில் பனிமலை ஏறப் போய் விரல்களை இழந்தவர்களின் படம் வருகிறது. தனியாகப் படகில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டவனின் பேட்டி வருகிறது. என் பேரன் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இவங்களுக்கெல்லாம் எதுக்குப் பாட்டி இந்த வேலை?" என்று கேட்கிறான். படத்தில் அந்த மனிதர்களின் கண்களைப் பார்க்கிறேன். பரிச்சயமான கண்கள். ஆனால் அவர்களைச் சுற்றிக் கயிறு இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், தேடிப் போகக் கப்பல் இருக்கிறது. மாமா பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் இருந்தது இன்னொரு மனிதன்தான்.

பேரன் கேட்ட அதே கேள்வியை நானும் ஒரு தடவை மாமாவிடம் கேட்டிருக்கிறேன். அறுப்புக்கு முந்திய நாட்கள். களத்துமேட்டில் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் முற்றித் தலை சாய்ந்து கிடந்தது. அக்கா பயந்து சாகிறாள், ஏன் மாமா இப்படி என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இத பாரு பாப்பா. இந்த நெல்லு நான் இருந்தாலும் வெளையும். செத்தாலும் வெளையும். கரும்பும் அப்பிடித்தான். என்னைக் கேட்டு எதுவும் நடக்கல. அங்க தண்ணிக்குள்ள இருக்கறப்ப கைய ஒரு வீசு தப்பாப் போட்டா நான் காலி. சரியாப் போட்டா இருக்கறேன். அந்த நேரத்துலதான் நான்னு ஒருத்தன் இருக்கறது எனக்கே தெரியுது." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வயசில் அது எனக்கு முழுசாகப் புரியவில்லை. வயிறு நிறைந்தவனுடைய பேச்சு என்று தோன்றியது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

ஆறும் ஏரியும் அலுத்த பிறகு அவர் கடலுக்கு வந்தார். தென்னைக்கு எருவாகப் போடக் கழிவுக் கருவாடு வாங்குவதற்குப் பனித்திட்டு மீனவக் குப்பத்துக்குப் போனவர், கரையில் உட்கார்ந்து மரங்கள் அலை தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறார். கட்டுமரத்தை அங்கே வெறுமனே மரம் என்றுதான் சொல்வார்கள். நாலைந்து கட்டைகளைக் கயிறு போட்டுப் பிணைத்தது, அவ்வளவுதான். கரையை ஒட்டி அலை சுருண்டு உடைகிற ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் கடல் சொன்னபடி கேட்கும். அந்த வரியில் மாட்டினால் மரம் செங்குத்தாக நிமிர்ந்து, ஏறியிருப்பவன் தலைமேலேயே விழும். பிழைப்புக்காக மீன்பிடிக்கிறவர்கள் விடியும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடக்கிற இடம் அது. மாமாவுக்கு அந்த இடம் மட்டும்தான் வேண்டியிருந்தது. மீன் வேண்டாம்.

அவரை முதலில் ஏற்றிக்கொண்டு போனவரை நாங்கள் மரத்துக்காரர் என்போம். மாமாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். கறுத்து ஒடிசலான உடம்பு, இடது கையில் இரண்டு விரல் கயிற்றில் மாட்டி மடங்கிப்போனது. அதிகம் பேசாதவர். மீன் கொண்டுவந்து கொடுக்கும்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அக்கா அவரிடம் ஒரு நாள், "ஏன் அவரக் கூட்டிக்கினு போறீங்க? வாணாம்னு சொல்லக்கூடாதா?" என்று கேட்டாள். அவர் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஐயா கேக்கறாரு, இன்னா பண்ணுவேன்மா" என்றார். அதற்குப் பிறகு அக்கா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நிலம் உள்ளவர் கேட்கிறார், இல்லாதவர் மாட்டேன் என்று எப்படிச் சொல்வார் என்று எங்களுக்கு நாங்களே விளங்கிக்கொண்டோம்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. மாசத்துக்கு ஒரு தடவை, சில மாசம் நாலைந்து தடவை. உதடு கிழிந்து வந்து நின்றதெல்லாம் அந்த நாட்களில்தான். அக்காவுக்கு அப்போது குழந்தை தங்கவில்லை. அவர் பனித்திட்டுப் பக்கம் நடந்தால் இவள் சாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, திரும்புகிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருப்பாள். அவர் வந்து சோறு கேட்டால்தான் அவளுக்கு நாக்கில் ஈரம் வரும். ஆனால் அந்த நாட்களில் மட்டும்தான் மாமா அவளிடம் சிரித்துப் பேசினார் என்பதையும் நான் பார்த்தேன். மற்ற நாட்களில் கூடத்தில் சாய்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அது ஐப்பசி கடைசி. வாடைக்காற்று நாலு நாளாக விடாமல் வீசியது. எங்கள் வீட்டிலிருந்தே கடல் இரைவது கேட்டது. பனித்திட்டில் மரங்களைச் சவுக்குத் தோப்பு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தார்கள். யாரும் இறங்குவதில்லை என்று குப்பத்துத் தலைவரான நாட்டார் சொல்லிவிட்டாராம். மாமா காலையில் கஞ்சி குடித்துவிட்டு மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அக்கா வாசலில் குறுக்கே நின்றாள். "நேத்துலேருந்து கடலு எப்பிடிக் கத்துது, கேக்கலியா உங்களுக்கு?" என்றாள். "கேக்குது, அதான் போறேன்" என்றார். அவளை ஒதுக்கி நகர்த்தக்கூட இல்லை. அவளே நகர்ந்துகொண்டாள்.

நடந்ததைப் பிறகு பலர் வாயால் கேட்டோம். இரண்டு பேர் மட்டும் மரத்தைத் தள்ளி இறக்கினார்கள். கரையில் நின்றவர்கள் கத்தியிருக்கிறார்கள். போகும்போது வரியைத் தாண்டிவிட்டார்கள். எப்படித் தாண்டினார்கள் என்று இன்றைக்கும் தெரியவில்லை என்று ஒரு கிழவர் சொன்னார். வெளியே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறார்கள். திரும்பி வரும்போது பின்னாலிருந்து எழும்பிய அலை மரத்தைத் தூக்கி நிறுத்தியது. கயிறு அறுந்து கட்டைகள் தனித்தனியாகச் சிதறின. ஒரு கட்டை மரத்துக்காரரின் பின்மண்டையில் இறங்கியது. மாமா இன்னொரு கட்டையைக் கட்டிக்கொண்டு, தோலெல்லாம் உரிந்து, மணலில் வந்து விழுந்தார். மரத்துக்காரரின் மனைவி கரையில்தான் நின்றிருந்தாள்.

மரத்துக்காரரின் உடல் தெற்கே போய் ஒதுங்கியது. மழைக்காலத்து நீரோட்டம் அந்தப் பக்கம்தான் இழுக்கும். பெண்ணையாறு கடலில் விழுகிற இடத்துக்கும் அப்பால், இங்கிலீஷ்காரன் எல்லையில், யாரோ பார்த்துச் சொல்லி அனுப்பினார்கள். தூக்கி வரும் நிலையில் இல்லை. அங்கேயே மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார்கள். பொலீஸ் வந்து இரண்டு கேள்வி கேட்டது. கடல் கொண்டுபோன உயிருக்கு யாரைப் போய்க் கேட்பது என்று நாட்டாரே சொல்லிவிட்டார். மாமாவின் அண்ணனுக்கு அது பெரிய நிம்மதி. அன்றைக்கே வண்டியில் நெல் மூட்டையும் துணியும் ஏற்றி அனுப்பினார். மரத்துக்காரரின் மனைவி அதை வாங்கிக்கொண்டாள். கோபித்துக்கொண்டு திருப்பி அனுப்புகிற வசதி அவளுக்கு இல்லை.

மாமா ஜுரத்தில் கிடந்தார். புண்ணெல்லாம் ஆறி, எழுந்து உட்காருகிற அளவுக்குத் தேறியபோது மரத்துக்காரரின் மனைவி வந்தாள். கருமாதி முடிந்திருந்தது. வெளுத்த சேலை, வெறும் கழுத்து. கூட அவளுடைய கொழுந்தன், இருபது வயசைத் தாண்டியவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலைக்காரர்கள் வந்து நிற்கிற மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்று, ஐயாவைப் பார்க்கவேண்டும் என்றாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அவள் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மரத்துல ரெண்டு பேரு போவணும். செதறின கட்டைங்களப் பொறுக்கித் திரும்பக் கட்டிட்டோம். எங்க கொழுந்தன் ஒண்டியா நிக்கறான். சாவு பாத்த மரத்துல கூட ஏற ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்க. நீ வா."

மாமாவின் அண்ணன் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "நெல்லு வேணும்னா கேளு, தரேன். இன்னா பேச்சு இது, ஆளு கேக்கறியா?" என்றார்.

"நெல்லு துடுப்பு போடாது" என்றாள் அவள்.

அண்ணன் ஆட்களைக் கூப்பிட வாயெடுத்தார். அதற்குள் மாமா, "எப்ப வரணும்?" என்று கேட்டார். "நாளைக்கு விடியறப்ப" என்றுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். கொழுந்தன் பின்னால் போனான். அன்று பகல் முழுக்க வீட்டில் சண்டை. நிலபுலன் உள்ளவன் மீன்பிடிக்கப் போவதா, சாதிசனம் முகத்தில் எப்படி விழிப்பது, பெண் கொடுக்கல் வாங்கல் என்ன ஆகும் என்று அண்ணன் கத்தினார். எனக்கு அப்போது மனசுக்குள் ஓடியது வேறு. இவருக்குத் தண்டனையா இது, கரும்பு தின்னக் கூலியல்லவா என்று நினைத்தேன். அக்காவும் அதையே நினைத்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

நாங்கள் நினைத்தது தப்பு. முதல் வாரம் அவர் திரும்பி வந்தபோது சோறு கேட்கவில்லை. அக்கா வைத்ததைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். பிறகு விடியற்காலையில் எழுந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தார். வயிற்றில் ஒன்றும் இருக்காது. கொல்லைப்புறத்தில் குனிந்து நின்று வெறும் பித்தத்தைக் கக்கிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு கிளம்புவார். துடுப்புப் பிடித்து உள்ளங்கை வெடித்தது. கயிற்று உப்பு அந்த வெடிப்பில் ஏறிப் புண் ஆறவே இல்லை. அக்கா தினமும் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

தை பிறந்து கடல் அடங்கிவிட்ட ஒரு நாள், அக்கா கஞ்சி கொடுத்து என்னை ஒரு வேலைக்காரியோடு பனித்திட்டுக்கு அனுப்பினாள். நாங்கள் போனபோது இரண்டாம் தடவை இறங்கத் தயாராக இருந்தார்கள். கடல் குளம்போலக் கிடந்தது. அலை முழங்கால் உயரத்துக்குமேல் எழவில்லை. சின்னப் பிள்ளைகள் அதில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன. கொழுந்தன் மரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றான். மாமா தண்ணீர் விளிம்பில் நின்றார். கால் எடுத்து வைக்கவில்லை. பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தன. கொழுந்தன் அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அந்த மாசங்கள் முழுக்க அவன் மாமாவிடம் பேசியதெல்லாம், "குனிஞ்சு போடுங்க", "இப்பப் போடுங்க" என்ற இரண்டு வார்த்தைகள்தானாம். குடிசை வாசலில் மரத்துக்காரரின் மனைவி வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் கூப்பிடவில்லை, விரட்டவில்லை. கடைசியில் மாமா தாமாகவே இறங்கினார். அலை அவர் தொடையில் மோதியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் திரும்புகிறவரை காத்திருந்து மூன்று பேருமாக வீட்டுக்கு நடந்தோம். வேலைக்காரி முன்னால் போனாள். கடல் இவ்வளவு அமைதியாக இருக்கிறதே மாமா, பெண்ணையாற்று வெள்ளத்தில் நீந்தினவர் நீங்கள், என்ன ஆயிற்று உங்களுக்கு என்று கேட்டேன். சவுக்குத் தோப்பு முடிகிறவரை நடந்தார். பிறகு சொன்னார்.

"அப்பல்லாம் வாணாம்னு தோணினா திரும்பி வூட்டுக்கு வந்துடலாம் பாப்பா. வரமாட்டேன், அது வேற. ஆனா வரலாம். இப்ப அது இல்ல. காலையில எழுந்தா போவணும். நாளைக்கும் போவணும். அவங்கல்லாம் பொறந்ததுலேருந்து இப்பிடித்தான் போறாங்க. எனக்கு இது தெரியாது." சற்றுத் தூரம் நடந்த பிறகு இன்னொன்றும் சொன்னார். "அந்தாளு மாட்டேன்னு சொல்ல முடியாமத்தான் எங்கூட வந்தாரு. அதுவும் எனக்குத் தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். முடியாது என்று சொல்ல நாக்கு இல்லாத ஒருவனைத் தன் ஆசைக்கு இழுத்துப் போய்க் கொன்றுவிட்டோம் என்ற எண்ணம். நாங்கள் யாரும் அதை மறுத்துச் சொல்லவில்லை. எங்களுக்கும் அதுதான் உண்மை. பின்கட்டில் நின்று ஐயா கேட்கிறாரே என்று மரத்துக்காரர் சொன்னதை அக்காவும் நானும் காதால் கேட்டவர்கள்.

அடுத்த மழைக்காலம் நெருங்குகிறவரை அவர் போனார். அதற்குள் அந்தக் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மனைவியின் தம்பி துணைக்கு வந்து சேர்ந்தான். மரத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஒரு நாள் மாமா கரையேறி வலையை உதறிக்கொண்டிருக்கும்போது மரத்துக்காரரின் மனைவி வந்து, "நாளையிலேருந்து வாணாம்" என்று மட்டும் சொன்னாளாம். அவர் வெயில் சாய்கிறவரை அந்த மணலிலேயே உட்கார்ந்திருந்தார் என்று கேள்விப்பட்டோம். வீட்டுக்கு வந்து படுத்தார். மறுநாள் வாந்தி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. கடலுக்கு மட்டும் இல்லை, கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டார். கொல்லையில் அண்டாவில் நிரப்பி வைத்ததைச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வார். தெருப்பிள்ளைகள் மாமரத்தில் ஏறினால் எழுந்துபோய் அதட்டி இறக்குவார். பிறகு அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளை வாய்க்காலில் கால் நனைக்கக்கூட விட்டதில்லை. அக்கா வேண்டிக்கொண்டதெல்லாம் நடந்துவிட்டது. புருஷன் பத்திரமாக வீட்டில் இருந்தார். ஆனால் ஒரு நாள் அவள் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கும்போது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் சொன்னாள்: "உதடு கிழிஞ்சு வந்து நிப்பாரே, அந்த ஆளு வேற. அந்தாளுக்குத்தான் நான் வாக்கப்பட்டேன்." சொன்னதற்குப் பிறகு அவளே பயந்துபோனவள் மாதிரி வேகமாகப் புடைத்தாள்.

நான் சைகோனுக்குப் போய், சண்டைக் காலமெல்லாம் அங்கே கழித்து, திரும்பி வந்த பிறகுதான் மாமா இறந்தார். மார்ச்சளி கட்டி, சாதாரணமாக எல்லோரும் சாகிறதுபோலப் படுக்கையில் கிடந்து. கடைசி நாட்களில் நினைவு தப்பியபோது, "குனிஞ்சு போடணும், குனிஞ்சு" என்று முனகினார். யாரிடம் சொன்னாரோ.

சாவுக்குப் பனித்திட்டிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். மரத்துக்காரரின் மனைவியும் வந்தாள். தலை நரைத்துவிட்டிருந்தது. பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து அழாமல், பந்தக்கால் ஓரத்தில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். நான் அவளோடு தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "உங்க வூட்டுக்காரர நெனச்சு நெனச்சே செத்தாரும்மா. மாட்டேன்னு சொல்ல முடியாதவரக் கூட்டிக்கினு போயிட்டோமேன்னு" என்றேன்.

அவள் நின்றாள். "யாரு மாட்டேன்னு சொல்ல முடியாதவரு?" என்று கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரருதான்" என்றேன்.

"அன்னிக்குக் காலையிலே ஐயா வர்றதுக்கு முந்தியே எங்காளு மரத்துக் கயித்த இறுக்கிக்கினு இருந்தாரு. வருவாரு, வருவாருன்னு வழியப் பாத்துக்கினே. நாட்டாரு வாணாம்னாரு. நானு கால்ல விழுந்தேன். கேக்கல. இவரு வராம இருந்திருந்தா ஒண்டியாப் போயிருப்பாரு. அவருக்கு மீனு எடுக்கப் போறப்ப மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும். ஐயாகூடப் போறப்ப வேற மாதிரி இருக்கும். எங்களுக்கெல்லாம் அப்பிடி ஒரு ஆச இருக்கக்கூடாதா இன்னா? உங்க வூட்டுல வந்து ஐயா கேக்கறாருன்னு சொல்லியிருப்பாரு. வேற இன்னான்னு சொல்லுவாரு? புடிச்சிருக்குன்னு சொன்னா சிரிக்க மாட்டீங்க?"

தெருவில் சங்குச் சத்தம் கேட்டது. அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

"இத மாமாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"சொன்னா மறுநாளு வந்திருப்பாரா? மரத்துக்கு ஆளு வேணுமே. ரெண்டு வவுறு இருந்திச்சு வூட்டுல."

"சரி, அப்பறமாவது? ஆளு கெடச்சப்பறம்?"

அவள் கிழக்கே போகிற வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அன்னிக்கு வெளிய போயி, அலை தாண்டினப்பறம், ரெண்டு பேரும் மரத்து மேல உக்காந்துக்கினு சிரிச்சாங்க. கரையிலேருந்து பாத்தேன். எங்காளு தலையப் பின்னால சாச்சிக்கினு சிரிச்சாரு. என்கிட்ட ஒரு நாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல. அதுக்கப்பறம் ஒருத்தருதான் திரும்பி வந்தாரு. அவருகிட்டப் போயி, உம்மேல தப்பு இல்ல, நீ நிம்மதியா இருன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

வெயில் ஏறியிருந்தது. அவள் செருப்பில்லாத காலோடு அந்தப் பாதையில் இறங்கி நடந்தாள். வீட்டுக்குள் அக்கா ஒப்பாரி வைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருமுனையில் கேட்டதை அவளிடம் சொல்லவில்லை.